ஜிபிஏ குறைவாக இருக்கும்போது பல் மருத்துவக் கல்லூரிக்கு எங்கே விண்ணப்பிப்பது?

டாலஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் டெக்ஸஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் பயாலஜி மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறாள். பல் மருத்துவர் ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறவள். மொத்த ஜிபிஏ, அதாவது 4.0-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.1, சயின்ஸ் பாடங்களில் மட்டும் 2.86. பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான டிஏடி பரீட்சை இன்னும் எழுதவில்லை. பணம் கட்டினால் நியூயார்க்கில் கிடைத்துவிடும் என்கிறார் ஒரு உறவினர். பேசாமல் சென்னைக்கு அனுப்பி பிடிஎஸ் படிக்க வையுங்கள் என்கிறார் இன்னொருவர். எந்தக் கல்லூரிகளுக்குப் போட்டால் இவளுக்குக் கிடைக்கும் என்பது கேள்வி. கூடவே ஆண்டுவாரியாகவும் எழுதியிருக்கிறார்: முதல் ஆண்டு 2.7, இரண்டாம் ஆண்டு 2.95, மூன்றாம் ஆண்டு 3.64. அந்த மூன்று எண்களை எழுதியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

நான் ஒஹையோவில் பதினாறு வருடமாகப் பொதுப் பல் மருத்துவராக இருக்கிறேன். உங்கள் மகளுடைய எண்களை விட என்னுடையது மோசம். 2.98-ல் பட்டம் வாங்கினேன், ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை இரண்டு முறை எடுத்தேன். முதல் தடவை விண்ணப்பித்தபோது பேர் கேள்விப்பட்ட கல்லூரிகளாகப் பார்த்து 14 இடத்துக்குப் போட்டேன், அதுவும் அக்டோபர் மாதத்தில். ஒரு இன்டர்வியூ கூட வரவில்லை. தினமும் சாயங்காலம் அம்மா தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விடுவார். இரண்டு வருடம் கழித்து 11 இடத்துக்குப் போட்டேன். மூன்று இன்டர்வியூ வந்தது, ஒரு இடத்தில் வெயிட் லிஸ்டிலிருந்து ஏப்ரலில் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு தடவைக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். பின்னாளில் நான் வழிகாட்டிய பிள்ளைகளிடம் பார்த்ததும் இதில் சேர்த்தி.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிகள் எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 11,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், 6,500-க்கும் மேற்பட்டவர்கள் சேர்கிறார்கள். விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேல் ஏதோ ஓரிடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். சேர்கிறவர்களின் சராசரி ஜிபிஏ 3.6-ஐ ஒட்டி இருக்கும். சராசரி என்றால் அதற்குக் கீழேயும் நிறையப் பேர் உள்ளே இருக்கிறார்கள். உங்கள் மகள் அந்தக் கீழ்ப்பாதியில் இடம் தேடுகிறாள். அங்கே இடம் உண்டு, ஆனால் அது எல்லாக் கல்லூரியிலும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு முன்னால், அவளுடைய ஜிபிஏ உண்மையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் போட்டுத் தரும் எண்ணைக் கல்லூரிகள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஆட்சாஸ் என்ற பொது விண்ணப்பம். டெக்ஸஸ் கல்லூரிகளுக்கு டெக்ஸஸ்காரர்கள் போடுவது டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற தனி விண்ணப்பம். இரண்டும் டிரான்ஸ்கிரிப்டை (பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் பட்டியலை) வாங்கி, ஒவ்வொரு பாடமாகத் தாங்களே மறுபடி கணக்குப் போடுகின்றன. ஒரு பாடத்தை இரண்டாம் முறை எடுத்து நல்ல மார்க் வாங்கினால் பழையதைப் பல்கலைக்கழகம் அழித்திருக்கலாம். இவர்கள் அழிக்க மாட்டார்கள், இரண்டையும் கூட்டிச் சேர்ப்பார்கள். என்னுடைய 2.98 ஆட்சாஸில் 2.91 ஆனது இப்படித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆட்சாஸ் பிளஸ், மைனஸைக் கணக்கில் எடுக்கும். ஏ மைனஸ் என்றால் 3.7, பி பிளஸ் என்றால் 3.3. டெக்ஸஸ் விண்ணப்பம் அதை எடுக்காது. ஏ மைனஸ் முழு 4.0 ஆகிவிடும், பி பிளஸ் வெறும் 3.0 ஆகிவிடும். அவள் பல்கலைக்கழகம் பிளஸ், மைனஸ் போடுகிற இடம் என்றால், ஒரே டிரான்ஸ்கிரிப்டுக்கு இரண்டு ஜிபிஏ வரும். மைனஸ் அதிகம் இருந்தால் டெக்ஸஸ் கணக்கு அவளுக்குச் சாதகம், பிளஸ் அதிகம் இருந்தால் பாதகம். கல்லூரி தேடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அந்த 2.7, 2.95, 3.64. ஆட்சாஸ் விண்ணப்பத்தில் ஜிபிஏ ஆண்டுவாரியாகப் பிரிந்து தெரியும். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மூன்றுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு எண் தெரியும். மாணவர்கள் இதை பிசிபி என்பார்கள். விண்ணப்பத்தைப் படிக்கிறவர் மொத்த எண்ணைப் பார்த்ததும் அடுத்தபடியாகப் போவது இந்தக் கட்டத்துக்குத்தான். ஏறிக்கொண்டே வரும் 3.1 வேறு, இறங்கிக்கொண்டே வரும் 3.1 வேறு. உங்கள் மகளுடையது ஏறுகிறது. ஆனால் ஏறியிருப்பது ஒரே ஒரு வருடம். ஒரு வருடத்தை யாரும் நம்பிவிட மாட்டார்கள், எளிதான பாடமாக எடுத்திருப்பாளோ என்று தோன்றும். இரண்டாவது வருடமும் அதே மாதிரி இருந்தால் நம்புவார்கள்.

அதனால் எங்கே போடுவது என்பதற்கு முன்னால் எப்போது போடுவது என்று ஒரு கேள்வி வருகிறது. என் பதில்: இந்த வருடம் வேண்டாம். நாலாம் ஆண்டு மார்க் முழுவதும் கையில் வந்தபிறகு, அடுத்த வருடம் ஜூன் மாதம் போடட்டும்.

கணக்காகவே காட்டுகிறேன். அவள் இதுவரை 98 கிரெடிட் முடித்திருக்கிறாள், அதில் 50 கிரெடிட் பிசிபி என்று வைத்துக்கொள்வோம். நாலாம் ஆண்டில் 30 கிரெடிட் பிசிபி பாடங்களாகவே எடுத்து 3.8 வாங்கினால், மொத்த ஜிபிஏ 3.10-லிருந்து 3.26 ஆகும். பிசிபி 2.86-லிருந்து 3.21 ஆகும். மொத்தம் மெதுவாக நகர்கிறது, பிசிபி வேகமாக நகர்கிறது, ஏனென்றால் அதன் அடித்தளம் சிறியது. கூடவே, கடைசி இரண்டு வருடம் 3.64, 3.8 என்று நிற்கும். இப்போது இருக்கிற விண்ணப்பத்துக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். பட்டம் முடித்துவிட்டு ஒரு வருடம் இடைவெளி விட்டால் (கேப் இயர்) ஊர் என்ன சொல்லும் என்ற கவலை நம் வீடுகளில் பெரிய கவலை, எனக்குத் தெரியும். இங்கே விண்ணப்பிக்கிறவர்களில் பட்டம் முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள் ஏராளம். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. அவசரப்பட்டுப் போட்டு எல்லா இடத்திலும் இல்லை என்று வந்தால், அந்தப் பதிவு கல்லூரிகளிடம் இருக்கும். அடுத்த தடவை "போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன மாறியது?" என்று கேட்பார்கள். நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், சுகமான கேள்வி இல்லை.

நாலாம் ஆண்டில் என்ன பாடம் எடுப்பது? பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, இம்யூனாலஜி, கிடைத்தால் ஹிஸ்டாலஜி. பல் மருத்துவம் முதல் ஆண்டில் இவைதான் வரும். இவற்றில் ஏ வாங்கினவளை எடுத்தால் முதல் வருடம் தாக்குப்பிடிப்பாள் என்று அவர்களுக்குத் தைரியம் வரும். கல்லூரிகளின் பயமே அதுதான், முதல் ஆண்டில் ஃபெயில் ஆகிவிடக்கூடாது. மார்க்குக்காக லேசான பாடங்களை எடுத்து ஜிபிஏவை ஏற்றினால் எண் ஏறும், பயம் போகாது.

மாஸ்டர்ஸ் படித்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓரல் ஹெல்த் சயின்சஸ் மாஸ்டர்ஸ் இருக்கிறது, மிட்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் மாஸ்டர்ஸ் இருக்கிறது, இப்படி இன்னும் பல. ஒன்றைக் கவனியுங்கள்: மாஸ்டர்ஸ் மார்க் தனிக் கட்டத்தில் விழும், இளங்கலை ஜிபிஏவை அது ஒரு புள்ளி கூட ஏற்றாது. செலவோ பல பத்தாயிரம் டாலர். 2.8-ல் ஏற்றமே இல்லாமல் பட்டம் முடித்துவிட்டவர்களுக்கு அது நல்ல வழி. ஏற்கெனவே ஏறத் தொடங்கிவிட்ட உங்கள் மகளுக்கு அது இரண்டாவது கதவு. அடுத்த வருடம் ஒன்றும் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கல்லூரிகளுக்கு வருவோம்.

டெக்ஸஸ் ரெசிடென்ட் (அந்த மாநிலவாசி) என்பது அவளிடம் இருக்கும் பெரிய சொத்து. அங்கே நாலு கல்லூரிகள்: ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டாலஸில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம், எல் பாசோவில் டெக்ஸஸ் டெக். மாநிலச் சட்டப்படி வெளி மாநிலத்தாருக்கு அதிகபட்சம் பத்து சதவீத இடம்தான், மிச்சம் எல்லாம் டெக்ஸஸ் பிள்ளைகளுக்கு. கட்டணமும் தனியார் கல்லூரிகளோடு பார்த்தால் மிகக் குறைவு. டெக்ஸஸ் விண்ணப்பத்துக்கு ஒரே கட்டணம், எத்தனை கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாலும் அதே தொகைதான். அதனால் நாலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் கிடைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கட்டணம் குறைவு என்பதாலேயே நல்ல மார்க் வாங்கிய டெக்ஸஸ் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் முதலில் போடுகிறார்கள். பழைய மூன்று கல்லூரிகளிலும் சேர்கிறவர்களின் சராசரி 3.7-ஐ ஒட்டி இருக்கும். நாலில் எல் பாசோவை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அது 2021-ல்தான் முதல் மாணவர்களைச் சேர்த்தது. மேற்கு டெக்ஸஸிலும் மெக்ஸிகோ எல்லை ஓரத்திலும் பல் மருத்துவர்கள் இல்லாத ஊர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி. உங்கள் மகளுக்கு ஸ்பானிஷ் தெரிந்து, இலவச கிளினிக்கில் வேலை செய்த அனுபவமும் இருந்தால், அங்கே அவள் பேச்சு எடுபடும்.

மற்ற மாநிலங்களின் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் காசையும் நேரத்தையும் வீணாக்காதீர்கள். நார்த் கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளைத் தவிர யாரையும் எடுப்பதில்லை. சட்டமாக அப்படிச் சொல்லாத இடங்களிலும் நடைமுறை அதுதான். விதிவிலக்குகள் உண்டு. கென்டக்கியில் லூயிவில், வர்ஜீனியாவில் ரிச்மண்டில் இருக்கும் வர்ஜீனியா காமன்வெல்த், பால்டிமோரில் மேரிலாண்ட் ஆகிய கல்லூரிகள் வெளி மாநிலத்தாரைக் கணிசமாக எடுக்கின்றன. (மேரிலாண்டுதான் உலகத்திலேயே முதல் பல் மருத்துவக் கல்லூரி, 1840-ல் தொடங்கியது. அங்கே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது, போனால் பாருங்கள்.) மூன்றில் லூயிவில்லை மட்டும் பட்டியலில் வைப்பேன்.

ஒரு கல்லூரி வெளி ஆட்களை எடுக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்கப் பல் மருத்துவக் கல்வி சங்கம் ஒவ்வொரு கல்லூரிக்கும் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் உள் மாநிலம் எவ்வளவு, வெளி மாநிலம் எவ்வளவு என்று இருக்கும். சராசரி ஜிபிஏவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒரு கல்லூரியின் சராசரி 3.5 என்று ஆசை காட்டும், ஆனால் வெளி மாநிலத்திலிருந்து 700 பேர் போட்டு 5 பேர் சேர்ந்திருக்கலாம். இன்னொன்றின் சராசரி 3.6, ஆனால் வெளி ஆட்கள் 80 பேர் சேர்ந்திருக்கலாம். இரண்டாவதுதான் உங்களுக்கு. நான் முதல் தடவை போட்ட 14-ல் 8 இடம் முதல் வகை. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இனி தனியார் கல்லூரிகள். குறைந்த ஜிபிஏவோடு வருகிறவர்களுக்கு உண்மையான இடம் இங்கேதான். அதிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகத்துக்கு அரிசோனாவில் மேசாவிலும், மிசூரியில் கர்க்ஸ்வில்லிலும் இரண்டு கல்லூரிகள். ஏழை மக்களின் சுகாதார மையங்களில் வேலை செய்யும் மருத்துவர்களை உருவாக்குவதுதான் அவர்கள் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். தன்னார்வப் பணியை மணிக்கணக்கு பார்த்து மதிக்கிற இடம். அப்படி எதுவும் செய்யாமல் அங்கே போடுவது வீண். மிட்வெஸ்டர்னுக்கும் இரண்டு: சிகாகோ பக்கத்தில் டவுனர்ஸ் குரோவ், அரிசோனாவில் கிளெண்டேல். பெரிய வகுப்புகள், நாடு முழுவதிலிருந்தும் எடுப்பார்கள். ஃபுளோரிடாவில் பிராடன்டனில் இருக்கும் லீகாம் கல்லூரியில் லெக்சர் அடிப்படையில் பாடம் கிடையாது, சிறு குழுவாக உட்கார்ந்து நோயாளிக் கதைகளை வைத்துத் தாங்களே படிக்க வேண்டும். தனியார் கல்லூரிகளில் கட்டணம் குறைவான பக்கம் அது. வகுப்பில் உட்கார்ந்து கேட்டால்தான் மண்டையில் ஏறும் என்ற பிள்ளைக்கு அது சரிப்படாது. யூட்டாவில் ரோஸ்மன் கல்லூரியில் ஒரு நேரத்தில் ஒரு பாடம், பாஸ் ஆக 90 சதவீதம் வேண்டும். மெய்ன் மாநிலத்தில் யூனிவர்சிட்டி ஆஃப் நியூ இங்கிலாந்து கிராமப்புற மருத்துவத்தில் அக்கறை உள்ளது. டெட்ராய்ட் மெர்சி, நோவா சவுத்ஈஸ்டர்ன், நியூயார்க்கில் டூரோ, பிலடெல்பியாவில் டெம்பிள் ஆகியவையும் வெளி மாநிலத்தாரை நிறைய எடுக்கும் இடங்கள்தான்.

ஹோவர்ட், மெஹாரி இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. "அங்கே ஜிபிஏ குறைவாக இருந்தாலும் கிடைக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டும் கறுப்பின மக்களுக்கு வேறெங்கும் கதவு திறக்காத காலத்தில், 1880-களில் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரிகள். இன்றைக்கும் அந்த மக்களின் வாய் ஆரோக்கியம்தான் அவர்கள் பணி. மற்றவர்களையும் எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பணியில் உங்கள் மகளுக்கு மனதார ஈடுபாடு இருந்து, அதற்குச் சாட்சியாக அவள் ஏதாவது செய்தும் இருந்தால் போடட்டும். சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்து மட்டும் போடக்கூடாது, அது நியாயமும் இல்லை.

புதிதாகத் தொடங்கிய கல்லூரிகளையும் சிலர் சொல்வார்கள். ஹை பாயிண்ட் பல்கலைக்கழகம் 2024-ல் தொடங்கியது ஒரு உதாரணம். பல் மருத்துவக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் கோடா என்ற அமைப்பின் ஆரம்ப அங்கீகாரம் இருந்தால் பட்டம் செல்லும், லைசென்ஸுக்குத் தடை இல்லை. முதல் ஒன்றிரண்டு வகுப்புகளுக்குப் போட்டி கொஞ்சம் குறைவாக இருக்கும். அதே நேரத்தில் கிளினிக்கில் போதுமான நோயாளிகள் வருகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பல் மருத்துவம் கையால் கற்றுக்கொள்ளும் படிப்பு, நாற்காலியில் ஆள் இல்லாவிட்டால் எதுவும் வராது.

நியூயார்க் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த உறவினர் சொன்னதில் ஆபத்து இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி நாட்டிலேயே பெரியது. நல்ல கல்லூரி. பணம் கட்டினால் இடம் என்ற பேச்சு மட்டும் பொய், அங்கேயும் மார்க் வேண்டும். உண்மையான பிரச்சினை கிடைத்தபிறகுதான். அந்த மாதிரி சில தனியார் கல்லூரிகளில் கட்டணம், கருவிகள், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,30,000 டாலரைத் தாண்டிவிடும். நாலு வருடத்துக்கு ஐந்து லட்சம் டாலருக்கும் மேல். முன்பெல்லாம் அரசாங்கத்தின் கிராட் பிளஸ் கடன் எவ்வளவு செலவானாலும் அவ்வளவும் கொடுத்துவந்தது. 2025-ல் வந்த சட்டத்தால் அது மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அவ்வளவுதான்.

மிச்சத்தை யார் கொடுப்பது? ஆண்டுக்கு 80,000 டாலர் வீதம் நாலு வருடம் என்றால் 3,20,000 டாலர் தனியார் கடன். அதற்கு நீங்களும் உங்கள் கணவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வட்டி படிக்கும்போதே ஏறத் தொடங்கும். நான் படித்த காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை, கிடைத்த இடத்தில் சேர்ந்தோம். இப்போது ஒவ்வொரு கல்லூரி பெயருக்குப் பக்கத்திலும் இந்த மிச்சத் தொகையை எழுதிவைத்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கடிதம் கையில் வந்தபிறகு பிள்ளையிடம் வேண்டாம் என்று எந்தத் தாய் தகப்பனுக்கும் சொல்ல வாய் வராது. அதை இப்போதே பேசிவிடுங்கள், மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து. அவள் அமெரிக்கக் குடிமகள் என்றால் ராணுவத்தின் ஸ்காலர்ஷிப்பும் இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் கட்டணம் முழுவதும் கட்டி மாதச் செலவுக்கும் கொடுக்கும், பதிலுக்குப் படிப்பு முடிந்து சில வருடம் அங்கே வேலை செய்ய வேண்டும்.

அப்புறம் விசா. நீங்கள் இதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் இதே கேள்வியோடு வரும் நம்மவர்களில் பாதிப் பேருக்கு இது பொருந்தும். கிரீன் கார்டு வராமல் எச்-4ல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வளர்ந்த பிள்ளைக்கு 21 வயது ஆனதும் அது முடிந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது அவள் வெளிநாட்டு மாணவி. பல அரசுக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் விண்ணப்பத்தையே எடுப்பதில்லை. அரசுக் கடனும் கிடையாது. பாஸ்டன், டஃப்ட்ஸ், நியூயார்க், கேஸ் வெஸ்டர்ன் போன்ற வெளிநாட்டவரை எடுக்கும் தனியார் கல்லூரிகள்தான் பட்டியலில் மிஞ்சும். பணம் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டச் சொல்வார்கள். அந்தக் குடும்பங்கள் கல்லூரி தேடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது.

சென்னை பிடிஎஸ் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. சவீதாவோ ராமச்சந்திராவோ படிப்பில் குறை இல்லை, என்னோடு வேலை செய்தவர்களில் மிகத் திறமையான இரண்டு பேர் தமிழ்நாட்டில் படித்தவர்கள். ஆனால் வழியைப் பாருங்கள். வெளிநாட்டில் வளர்ந்தாலும் நீட் எழுத வேண்டும். நாலு வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. திரும்பி வந்து ஐஎன்பிடிஇ என்ற அமெரிக்க லைசென்ஸ் பரீட்சை எழுதி, வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்கான அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் என்ற இரண்டு மூன்று வருடப் படிப்பில் இடம் பிடிக்க வேண்டும். அந்த இடங்களுக்கு உலகம் முழுவதிலிருந்தும் அனுபவமுள்ள பல் மருத்துவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், கட்டணமும் குறைவில்லை. மொத்தம் எட்டு வருடத்தை ஒட்டி ஆகிறது. ஏற்கெனவே மூன்று வருடம் பயாலஜி முடித்தவளை மறுபடி தொடக்கத்தில் நிறுத்துவானேன்?

டிஏடி பற்றிச் சுருக்கமாக. 280 கேள்விகள், தப்புக்கு மார்க் குறைப்பு இல்லை. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் ஆகிய பகுதிகளோடு, வடிவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் பகுதி, வாசிப்பு, கணக்கு எல்லாம் உண்டு. 2025 மார்ச்சிலிருந்து மதிப்பெண் 200 முதல் 600 வரை. பழைய ஆட்கள் "20 வாங்கினால் போதும்" என்பார்கள், அது பழைய 30 கணக்கு. குறைந்த ஜிபிஏ உள்ளவளுக்கு டிஏடி சராசரியாக இருந்தால் போதாது, குறிப்பாக சயின்ஸ் பகுதிகளில். முதல் இரண்டு ஆண்டுகளின் மார்க் அவள் அறிவைக் காட்டவில்லை என்று சொல்ல அவளிடம் இருக்கும் ஒரே வெளிச்சாட்சி அதுதான். நாலாம் ஆண்டு முடிந்த கோடையில் அரைகுறையாக எழுதுவதை விட, பயோகெமிஸ்ட்ரி படித்த கையோடு நன்றாகத் தயாராகி, விண்ணப்பம் திறப்பதற்கு முன்னால் எழுதட்டும்.

இனி உங்கள் மகளிடமே பேசுகிறேன், இந்த இடத்தை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

அம்மா கண்ணு, என்னை இன்டர்வியூ செய்தவர்களில் ஒருவர் பற்செட்டுப் பாடம் எடுக்கும் வயதான பேராசிரியர். என் விண்ணப்பத்தை மேசையில் விரித்து, இரண்டாம் ஆண்டு வரியில் விரலை வைத்து, "இந்த வருடம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நான் வீட்டில் பெரிய கதை தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியவில்லை, உதவி கேட்கவும் வெட்கப்பட்டேன். மூன்றாம் ஆண்டில் ஒரு டியூட்டரைத் தேடிப் போனேன்" என்றேன். அவர் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது, அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நீயும் அந்தப் பதிலை இப்போதே கண்டுபிடித்து வைத்துக்கொள். இரண்டு வாக்கியம் போதும், உண்மையாக இருக்கட்டும். கட்டுரையில் 4,500 எழுத்துதான் இடம் தருவார்கள். அதில் பாதியை மார்க் கதைக்குக் கொடுத்துவிடாதே.

ஒரு பல் மருத்துவரிடம் போய் 100 மணி நேரமாவது பக்கத்தில் நின்று பார். முடிந்தால் அசிஸ்டன்டாக வேலைக்குச் சேர். நான் அந்த நடு வருடத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் அச்செடுத்து பிளாஸ்டர் ஊற்றும் வேலை செய்தேன். முதல் வாரம் ஊற்றிய ஒவ்வொன்றிலும் காற்றுக் குமிழி, முன்பல் இருக்கிற இடத்தில் பள்ளம். மூன்றாம் வாரம் கை பிடிபட்டது. கட்டுரையில் அந்தக் குமிழியைப் பற்றி எழுதினேன், மூன்று இன்டர்வியூவிலும் அதைக் கேட்டார்கள். அரங்கேற்றம் முடித்திருந்தால் எழுது, தப்பில்லை. ஆனால் கைத்திறன் என்று கேட்கும்போது வீணையோ வயலினோ தையலோ இருந்தால் அதைச் சொல்.

மறுபடி அம்மாவுக்கு: எத்தனை இடம்? டெக்ஸஸ் நாலு, ஆட்சாஸில் பத்து முதல் பன்னிரண்டு. என் கையால் எழுதினால் ஏ.டி. ஸ்டில் இரண்டு, மிட்வெஸ்டர்ன் இரண்டு, லீகாம், ரோஸ்மன், யூனிவர்சிட்டி ஆஃப் நியூ இங்கிலாந்து, டெட்ராய்ட் மெர்சி, டெம்பிள், லூயிவில். மிச்சம் ஒன்றிரண்டு அவள் மனசுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். ஆட்சாஸில் முதல் கல்லூரிக்குச் சுமார் 260 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 110 டாலருக்கு மேல், அப்புறம் கல்லூரிகள் தனித்தனியாக வாங்கும் கட்டணம் வேறு. எல்லாம் சேர்த்து 2,500 டாலர் எடுத்துவையுங்கள். ஜூன் முதல் வாரத்தில் அனுப்பிவிட வேண்டும். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர இன்டர்வியூ கொடுத்துக்கொண்டே போகும், என்னைப் போல அக்டோபரில் போட்டால் காலியான நாற்காலிகள் ஒன்றிரண்டுதான் இருக்கும். பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு சயின்ஸ் பேராசிரியர்களை இந்த செமஸ்டரிலேயே பழகிவைத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். டிரான்ஸ்கிரிப்டை எடுத்து, ஒவ்வொரு பாடத்தையும் ஒரு எக்செல் தாளில் வரிசையாக அடிக்கச் சொல்லுங்கள்: கிரெடிட், கிரேடு, பிசிபியா இல்லையா, எந்த ஆண்டு. ஆட்சாஸ் கணக்கில் ஒரு பத்தி, டெக்ஸஸ் கணக்கில் ஒரு பத்தி. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடம் இருந்தால் அதுவும் சேரும், நிறையப் பேர் மறந்துவிடுவது அதைத்தான். பாதியில் விட்ட பாடம், மறுபடி எடுத்த பாடம் எதையும் ஒளிக்காமல் போடட்டும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், லூயிவில்லை வைப்பதா எடுப்பதா என்று அப்போது சொல்கிறேன்.